பிரித்தானியாவில் காருக்கு விருப்ப இலக்கம் வாங்குவது பெறுமதியானதா?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான். லண்டனின் புறநகர் ஒன்றில் வசிக்கும் ஒரு சகோதரி, விரைவில் ஐம்பது வயதை எட்டவிருக்கும் தம் கணவரின் பெயரைப் போல வாசிக்கக்கூடிய ஒரு கார் இலக்கத்தை, நம்மவர்கள் ‘பிரைவேட் பிளேட்’ என்று சொல்வதை, பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுக்க விரும்புகிறார். முகவர் ஒருவரின் விளம்பரத்தில் அதன் விலை 1,800 பவுண் என்று போடப்பட்டிருக்கிறது. கார் பி.சி.பி. எனப்படும், தவணை முடிவில் காரைத் திருப்பிக் கொடுக்கக்கூடிய தவணை முறையில் எடுக்கப்பட்டது. இந்தப் பணத்தைக் கொடுக்கலாமா, பின்னாளில் விற்றால் போட்ட பணமாவது திரும்பி வருமா என்பது அவருடைய ஐயம்.

பரிசு என்ற வகையில் வாங்கலாம், ஆனால் இந்த விலைக்கு வாங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. முதலீடு என்ற வகையில் வாங்கவே வேண்டாம். பெயரைப் போல வாசிக்கப்படும் இலக்கங்களில் பெரும்பாலானவற்றுக்கு, வாங்கும்போது ஒரு சந்தையும் விற்கும்போது வேறொரு சந்தையும் இருக்கின்றன. தமிழ்ப் பெயர்களுக்கு இந்த இடைவெளி இன்னும் அகலமானது. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், காசு கொடுத்து நாம் வாங்குவது எது என்பதில் தெளிவு வேண்டும். தகடு என்பது சில பத்துப் பவுண்களுக்குச் செய்து தரப்படும் ஒரு பிளாஸ்டிக் பலகை மட்டுமே. இலக்கமோ எக்காலத்திலும் நமக்குச் சொந்தமாவதில்லை, அது அரசுக்குரியது. ஸ்வான்சியில் உள்ள டி.வி.எல்.ஏ. என்னும் சாரதி, வாகன அனுமதிப்பத்திர முகமையிடமிருந்து நாம் பெறுவது, அந்த இலக்கத்தை ஒரு வாகனத்தில் இடும் உரிமையை மட்டும்தான். அந்த உரிமை, வாகனத்தில் ஏற்றப்படாமல் இருக்கும்வரை, ஒரு சான்றிதழில் தங்கியிருக்கும். புதிதாக வாங்கிய இலக்கமானால் அது வி750 என்ற சான்றிதழ். ஏற்கெனவே ஒரு வாகனத்தில் இருந்து கழற்றி வைக்கப்பட்ட இலக்கமானால் வி778 என்ற சான்றிதழ். இரண்டும் பத்து ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். காலம் முடிவதற்கு முன் கட்டணமின்றிப் புதுப்பித்துக்கொள்ளலாம், மறந்துவிட்டால் உரிமை போய்விடும். இலக்கத்தைத் தவறாகக் காட்சிப்படுத்தினால் டி.வி.எல்.ஏ. அதைத் திரும்பப் பெறவும் முடியும். காணியும் நகையும் வாங்கிப் பழகியவர்களுக்கு இந்தச் சொத்தின் தன்மை கொஞ்சம் அந்நியமாகத்தான் இருக்கும்.

அடுத்தது, இதன் விலையை எது தீர்மானிக்கிறது என்பது. பிரித்தானியாவில் வாகனங்களுக்கு இலக்கம் இடுவது 1903ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1904 ஜனவரி 1 முதல் கட்டாயமாயிற்று. அந்தக் காலத்து இலக்கங்களில் ஓரிரு எழுத்துகளும் சில எண்களும் மட்டுமே இருந்தன. வாகனம் எந்த ஆண்டுக்குரியது என்பதை அவை காட்டவில்லை. 1963இல் ஆண்டைக் குறிக்கும் எழுத்து இலக்கத்தின் கடைசியில் சேர்க்கப்பட்டது. 1983 ஆகஸ்டில் அந்த எழுத்து முன்னால் வந்தது. 2001 செப்டெம்பர் 1 முதல் இப்போதைய முறை, அதாவது இரண்டு எழுத்து, இரண்டு எண், மூன்று எழுத்து என்ற அமைப்பு, நடைமுறைக்கு வந்தது. இதில் நடுவிலுள்ள இரண்டு எண்கள் மார்ச்சில் பதிவாகும் வாகனத்துக்கு அந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களாகவும், செப்டெம்பரில் பதிவாவதற்கு அதனுடன் 50ஐக் கூட்டியதாகவும் இருக்கும். ஆகவே 2024 மார்ச்சில் 24, அதே செப்டெம்பரில் 74. ஒவ்வோர் ஆண்டும் இருமுறை ஒரு புதிய தொகுதி இலக்கங்கள் சந்தைக்கு வருகின்றன என்பதை இங்கே மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

டி.வி.எல்.ஏ. விருப்ப இலக்கங்களைத் தானே விற்கத் தொடங்கியது 1989இல். விற்பனைப் பணம் அரச கருவூலத்துக்குச் செல்கிறது. அதன் இணையத்தளத்தில் மிகக் குறைந்த விலையிலுள்ள இலக்கங்கள் 250 பவுண் அளவில் தொடங்குகின்றன. அந்த விலையில் வற் எனப்படும் பெறுமதி சேர் வரியும், வாகனத்தில் ஏற்றுவதற்கான 80 பவுண் கட்டணமும் அடங்கியிருக்கின்றன. இந்த மலிவு விலை இலக்கங்கள் இலட்சக்கணக்கில் கையிருப்பில் உள்ளன, இன்னும் வந்துகொண்டே இருக்கும். தட்டுப்பாடு இல்லாத ஒரு பொருளின் விலை காலப்போக்கில் தானாக ஏறும் என்று நம்புவதற்கு ஒரு காரணமும் இல்லை. ஒருவர் 399 பவுணுக்கு வாங்கிய இலக்கத்தை ஐந்தாண்டு கழித்து 900க்கு விற்க முனையும்போது, கிட்டத்தட்ட அதே போல வாசிக்கக்கூடிய இன்னொன்று டி.வி.எல்.ஏ.யிடம் 399க்கே கிடைக்கும்.

உண்மையான தட்டுப்பாடு இருப்பது 1963க்கு முந்திய, ஆண்டு காட்டாத, மிகக் குறுகிய இலக்கங்களில்தான். புதிதாக இனி எவரும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் கொண்ட இலக்கத்தை உற்பத்தி செய்ய முடியாது. பத்திரிகைகளில் வரும் வியப்பூட்டும் விலைகள் எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை. எசெக்ஸ் மாவட்ட சபையின் வசம் இருந்த ‘எஃப் 1’ 2008இல் ஏலத்தில் கட்டணங்கள் உட்பட 4,40,625 பவுணுக்குப் போனது. ‘1 டி’ 2009இல் 3,52,411 பவுணுக்கு விற்கப்பட்டது. 2014இல் ‘25 ஓ’ என்ற இலக்கத்தை, ஃபெராரி 250 வரிசைக் கார் ஒன்றில் இடுவதற்காக, அந்தக் கார்களின் விற்பனையாளர் ஒருவரே எடுத்தார். ஏலத்தில் சுத்தியல் விழுந்த விலை 4,00,000 பவுண், கைவிட்டுப் போன தொகை 5,18,480 பவுண். ‘எஃப் 1’க்குப் பிற்காலத்தில் 10 மில்லியன் பவுணுக்கு மேல் விலை கேட்கப்பட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. கேட்கப்பட்ட விலை வேறு, கொடுக்கப்பட்ட விலை வேறு என்பதை இந்தத் துறையில் இறங்குபவர்கள் முதல் நாளே கற்றுக்கொள்வது நல்லது. முகவர்களின் பட்டியல்களில் நீங்கள் காண்பதெல்லாம் கேட்கப்படும் விலைகளே.

‘25 ஓ’வின் அந்த இரண்டு தொகைகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைப் பிரித்துப் பார்த்தால் சாதாரண வாங்குபவருக்கும் ஒரு பாடம் கிடைக்கும். சுத்தியல் விலைக்கு 20 வீதம் வற் வரி. அதற்கு மேல் வாங்குபவர் கட்டணமாக 8 வீதம். அந்தக் கட்டணத்துக்கும் வற் வரி. கடைசியில் 80 பவுண். அதே விகிதத்தை 1,000 பவுணுக்கு எடுக்கப்பட்ட ஓர் இலக்கத்துக்குப் பொருத்திப் பாருங்கள்: வரி 200, கட்டணம் 80, கட்டணத்தின் மீதான வரி 16, ஏற்றும் கட்டணம் 80, ஆக மொத்தம் 1,376 பவுண். மறுநாளே அதை யாராவது அதே 1,000 பவுணுக்கு மதித்தால், வாங்கியவர் 376 பவுணை இழந்தவராகிறார். முகவர் மூலம் விற்றால் அவருடைய தரகும் கழியும். அந்த இலக்கம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் விலை ஏறினால்தான் இவர் போட்ட இடத்துக்குத் திரும்பி வருவார். இலாபம் என்பது அதற்கு அப்பால் தொடங்கும் கதை.

உங்கள் 1,800 பவுணையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். முகவர்களின் விளம்பர விலை பெரும்பாலும் வற் வரியும் 80 பவுண் கட்டணமும் சேராத விலையாக இருக்கும். அப்படியானால் உங்கள் கையிலிருந்து போகப்போவது 2,240 பவுண். அதோடு, முகவர் விளம்பரப்படுத்தும் இலக்கம் அவருடைய கையிருப்பில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. டி.வி.எல்.ஏ.யிடம் இன்னும் விற்கப்படாமல் இருப்பதையே தம் இலாபத்தைச் சேர்த்துப் பட்டியலிடும் முகவர்கள் உண்டு. அது சட்ட விரோதமல்ல, ஆனால் நமக்கு அவசியமில்லாத செலவு. எனவே வேறு எதையும் செய்வதற்கு முன், அதே இலக்கத்தை டி.வி.எல்.ஏ.யின் சொந்த இணையத்தளத்தில் தட்டிப் பாருங்கள். அங்கே இருந்தால் அங்கே குறித்திருக்கும் விலைதான் முழு விலை.

இனித் தமிழ்ப் பெயர்களின் விடயம். இதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்படும் ஆலோசனைகள் நமக்கு அரைவாசி தூரம்தான் உதவும். ஓர் இலக்கத்தில் அதிகபட்சம் ஏழு இடங்கள் மட்டுமே உள்ளன. நமது பெயர்களோ ஆங்கில எழுத்தில் பத்து, பன்னிரண்டு என்று நீள்பவை. ஆகவே பெயர் எழுதுபவர்கள் எண்களை எழுத்தாக வாசிக்கிறார்கள்: 1 ஐயாக, 4 ஏயாக, 5 எஸ்ஸாக, 0 ஓவாக, 3 ஈயாக. 1983 முதல் 2001 வரையிலான முன்னெழுத்து முறை, அதாவது ஓர் எழுத்து, ஒன்று முதல் மூன்று எண்கள், பின்னர் மூன்று எழுத்துகள் என்ற அமைப்பு, ஐந்தெழுத்துத் தமிழ்ப் பெயர்களுக்கு மிகப் பொருத்தமாக அமைந்துவிடுகிறது. இரண்டாம் எழுத்து ஏ அல்லது ஐயாக உள்ள பெயர்கள், அதாவது சிவம், ராஜன், மலர் போன்றவை, அதற்குள் அச்சொட்டாக உட்காரும். ஆனால் அந்த முறையில் ஐ, ஓ, யூ, இசட் ஆகியவை முன்னெழுத்தாக வழங்கப்படவே இல்லை. எனவே இளங்கோக்களுக்கும் உமாக்களுக்கும் அந்தக் கதவு மூடியிருக்கிறது. கடைசி மூன்று எழுத்துகளிலும் ஐ வராது என்பதால் ரவி, மணி என்று முடியும் பெயர்கள் இரட்டை ஈ போட்டு வளைய வேண்டியிருக்கும்.

இங்கே ஒரு சட்ட வரம்பையும் சொல்லிவிட வேண்டும். ஒரு காரை அதன் உண்மையான வயதைவிடப் புதியதாகக் காட்டும் இலக்கத்தை அதில் இட முடியாது, பழையதாகக் காட்டலாம். எடுத்துக்காட்டாக, எஸ் என்று தொடங்கும் முன்னெழுத்து இலக்கம் 1998 ஆகஸ்டில் வந்தது; அதற்குப் பின் பதிவான எந்தக் காருக்கும் அது பொருந்தும். உங்கள் கணவரின் கார் அண்மைக்காலத்தது என்பதால் முன்னெழுத்து இலக்கம் எதுவானாலும் இடையூறு வராது. இப்போதைய முறையிலுள்ள இலக்கத்தைத் தேர்ந்தால் மட்டும், நடு எண்கள் காரின் பதிவுத் திகதிக்குப் பிந்தியவையாக இல்லாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

விற்பனை என்று வரும்போது தமிழ்ப் பெயரின் பலவீனம் வெளிப்படுகிறது. ‘டேவிட்’ அல்லது ‘சாம்’ என்று வாசிக்கக்கூடிய ஓர் இலக்கத்துக்கு இந்த நாட்டில் வாங்கக்கூடியவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். ‘குகன்’ என்று வாசிக்கக்கூடிய இலக்கத்துக்கு, அந்தப் பெயருள்ள, கார் வைத்திருக்கும், இப்படிச் செலவு செய்ய விரும்பும், நீங்கள் விற்கும் அதே மாதத்தில் தேடிக்கொண்டிருக்கும் ஒருவர் வேண்டும். அவர் வந்தால் நல்ல விலை கேட்கலாம். வராவிட்டால் கேட்பதற்கு ஆளில்லை. முகவர்கள் இப்படியான இலக்கத்துக்கு உடனடிப் பணமாகக் கொடுக்க முன்வரும் தொகை உங்களுக்கு மனவருத்தத்தையே தரும். பஞ்சாபி, குஜராத்திப் பெயர்களுக்கு இங்கே தமிழ்ப் பெயர்களைவிடப் பரந்த சந்தை இருப்பதால், ராஜ், ஜெய், மாயா போன்று பல மொழியினருக்கும் பொதுவான பெயர்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு.

இன்னொரு சிக்கல் நமது பெயரிடும் வழக்கத்திலேயே இருக்கிறது. ஆங்கிலேயக் குடும்பங்களில் ஒரு குடும்பப் பெயரின் தலையெழுத்து பாட்டனிடமிருந்து பேரன்வரை மாறாமல் வருவதால், தலையெழுத்துகள் கொண்ட இலக்கம் தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகிறது. நம்மில் தந்தையின் பெயர்தான் பிள்ளைக்குப் பின்பெயர். தந்தைக்குப் பொருந்திய தலையெழுத்துகள் மகனுக்குப் பொருந்துவதில்லை. ‘பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம்’ என்று முகவர்கள் சொல்வது நமது வீடுகளில் அரிதாகவே மெய்ப்படும். இங்கு பிறந்த பிள்ளைகள் தங்கள் பின்பெயரையே தங்கள் பிள்ளைகளுக்கும் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்பது உண்மை. அந்த வீடுகளில் குடும்பப் பெயரின் சுருக்கமாக அமைந்த ஓர் இலக்கம், தனி ஒருவரின் பெயரைவிட நெடுநாள் பயன்படும். உங்கள் வீட்டு வழக்கம் எதுவென்று உங்களுக்குத் தெரியும்.

எண் சாத்திரம் பார்ப்பவர்கள் கூட்டுத்தொகை 8 வருவதைத் தவிர்த்து 9க்கோ 5க்கோ கூடுதலாகக் கொடுக்க முன்வருகிறார்கள். அந்த நம்பிக்கைக்குள் நான் போகவில்லை. கூட்டுத்தொகைக்கென்று தனி விலை டி.வி.எல்.ஏ.யிடம் இல்லை, அதற்காக யாராவது உங்களிடம் அதிகம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. வேறொரு சின்ன எச்சரிக்கை இதைவிடப் பயனுள்ளது. அருவருப்பான ஆங்கிலச் சேர்க்கைகளை டி.வி.எல்.ஏ. ஒவ்வொரு தொகுதியிலும் நிறுத்தி வைக்கிறது, ஆனால் அது தமிழில் எப்படி ஒலிக்கும் என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். வாங்குவதற்கு முன் வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளை ஒன்றிடம் அதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

காரின் வயதை மறைப்பது இதன் இன்னொரு பயன் என்று சொல்லப்படுகிறது. அதில் உண்மை உண்டு. பெயர் எதுவும் வேண்டாம், வயது தெரியாமல் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள், வட அயர்லாந்து முறையில் அமைந்த, ஐ அல்லது இசட் கலந்த மூன்று எழுத்துகளும் நான்கு எண்களும் கொண்ட இலக்கங்களைத்தான் வாங்குகிறார்கள். அவை ஆண்டைக் காட்டுவதில்லை, எந்தக் காரிலும் இடலாம், விலையும் மலிவு. பேருந்து நிறுவனங்கள் பழைய வண்டிகளுக்கு இவற்றை இடுவதும் இதற்காகத்தான். ஆனால் காரை விற்கும்போது இதனால் ஒரு பவுண்கூட அதிகம் கிடைக்காது, ஏனெனில் முதல் பதிவுத் திகதி பதிவுப் புத்தகத்திலேயே இருக்கிறது. மறைவது வீதியில் போகிறவர்களின் கண்ணுக்கு மட்டும். அதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: பெயர் எழுதிய காரை எவரும் மறப்பதில்லை. ஈலிங் அம்மன் கோயில் தேர்த் திருவிழாவன்று நீங்கள் எத்தனை மணிக்கு வந்தீர்கள், எங்கே நிறுத்தினீர்கள், எப்போது புறப்பட்டீர்கள் என்பதெல்லாம் தெரிந்தவர்கள் அனைவருக்கும் தெரிந்துவிடும். சிலருக்கு அதுவே இன்பம், சிலருக்குத் தொந்தரவு.

தகட்டை எப்படி எழுதுவது என்பதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். எழுத்தின் வடிவம், அளவு, இடைவெளி அனைத்தும் 2001ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளில் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. எழுத்தின் உயரம் 79 மில்லிமீற்றர், அகலம் 50, கோட்டின் தடிப்பு 14, எழுத்துகளுக்கு இடையே 11, இரண்டு தொகுதிகளுக்கு நடுவே 33. முன்னால் வெள்ளைப் பின்னணி, பின்னால் மஞ்சள். 2021 செப்டெம்பர் 1 முதல் புதிதாகப் பொருத்தப்படும் தகடுகளில் எழுத்து ஒரே கறுப்பு நிறமாக இருக்க வேண்டும். நிழல் விழுவது போன்ற இருநிற எழுத்துகளுக்கு இடமில்லை. தொகுதிகளுக்கு நடுவிலான இடைவெளியை நகர்த்திப் பெயர் போலச் சேர்த்து எழுதுவது, கறுப்பு ஆணித் தலையை வைத்து ஓர் எழுத்தை வேறோர் எழுத்தாகக் காட்டுவது ஆகியவற்றுக்கு 1,000 பவுண் வரை தண்டம் விதிக்கப்படலாம், கார் எம்.ஓ.டி. என்னும் வருடாந்த வாகனத் தகுதிச் சோதனையிலும் தேறாது. ஆகவே நான் சொல்லும் அளவுகோல் இது: சட்டப்படியான இடைவெளியோடு எழுதியும் பெயராக வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். நகர்த்தினால்தான் பெயர் தெரியும் என்றால் அந்த இலக்கத்துக்கு 250 பவுணும் அதிகம். விளம்பரத்தில் எழுத்துகளை ஒட்டி எழுதிக் காட்டுவது முகவர்களின் பழைய தந்திரம்.

தனியாரிடம் நேரடியாக வாங்கினால் தரகு மிச்சமாகும், ஆனால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். வி750, வி778 சான்றிதழ்களில் அச்சிடப்பட்டிருக்கும் குறிப்பிலக்கத்தைக் கொண்டுதான் இலக்கத்தை ஒரு காரில் இணையத்தின் மூலம் ஏற்றுகிறார்கள். எனவே சான்றிதழின் படத்தை முகநூலில் போடுவது, வீட்டுத் திறப்பை வாசலில் தொங்கவிடுவதற்குச் சமம். விற்பவரும் வாங்குபவரும் ஒரே இடத்தில் இருந்து, பணம் சென்றதும் இணையத்தில் ஏற்றி முடிப்பது பாதுகாப்பான வழி. இலக்கம் ஒரு பழைய வாகனத்தில் இருந்தால், அதன் பதிவுப் புத்தகத்தில் ‘மாற்ற முடியாத இலக்கம்’ என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1983இல் கணினிப் பதிவு முடிவடைந்தபோது விடுபட்டு, பின்னர் மீட்கப்பட்ட பழைய இலக்கங்கள் பல இந்த வகையைச் சேர்ந்தவை. அந்த வாகனம் தன் சொந்த வலுவில் ஓடக்கூடியதாகவும், கடந்த ஐந்தாண்டுகளாகத் தொடர்ச்சியாக வரி செலுத்தப்பட்டோ, வீதியில் ஓடாது என்று அறிவிக்கப்பட்டோ இருப்பதும் அவசியம்.

உங்கள் கார் பி.சி.பி.யில் இருப்பதால் இன்னும் சில படிகள் உண்டு. பி.சி.பி.யில் பதிவுப் புத்தகம் வழக்கமாக உங்கள் கணவரின் பெயரிலேயே இருக்கும். ஆகவே இலக்கத்தை ஏற்ற அவரால் முடியும், ஆனால் கார் நிதி நிறுவனத்துக்குச் சொந்தமானது என்பதால் அவர்களுக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் எடுத்த காரானால் பதிவே நிறுவனத்தின் பெயரில் இருக்கும். அவர்களது சம்மதமின்றி எதுவும் நடக்காது, பலர் அதற்கெனத் தனிக் கட்டணமும் வாங்குகிறார்கள். தவணை முடிந்து காரைத் திருப்பிக் கொடுப்பதற்குச் சில வாரங்கள் முன்பே இலக்கத்தைக் கழற்றிச் சான்றிதழாக்கிவிட வேண்டும். கழற்றுவதற்கு 80 பவுண்; அதை மறுபடி இன்னொரு காரில் ஏற்றுவதற்குத் தனிக் கட்டணம் இல்லை. கார் பெரும்பாலும் தன் பழைய இலக்கத்துக்கே திரும்பிவிடும். கழற்றாமல் காரைக் கையளித்தால் இலக்கமும் காருடன் போய்விடும். நம்மவர்களிடையே விருப்ப இலக்கத்தை இழந்தவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் இழந்திருக்கிறார்கள், திருட்டினால் அல்ல.

விபத்தில் கார் முற்றாகச் சேதமடைந்தாலும் இதே நிலைதான். காப்புறுதி நிறுவனம் நட்டஈடு கொடுத்து வாகனத்தை எடுத்துக்கொள்ளும்போது இலக்கமும் அதனுடன் செல்லும். அதனால் பணம் தீர்க்கப்படுவதற்கு முன்பே, இலக்கத்தை நாங்கள் வைத்துக்கொள்ள விரும்புகிறோம் என்று எழுத்தில் தெரிவித்து, அதற்கு அவர்களது சம்மதத்தையும் எழுத்தில் பெற வேண்டும். கார் பழைய இரும்புக்குப் போனதாக டி.வி.எல்.ஏ.யில் பதிவான பிறகு மீட்க வழியில்லை. சாதாரணக் கார்க் காப்புறுதி, இலக்கத்தின் பெறுமதியைக் கணக்கில் எடுப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இலக்கம் மாறும் அந்த நாளில் செய்ய வேண்டியவை சிறியவை, ஆனால் தவறினால் செலவு பெரியது. காப்புறுதி நிறுவனத்துக்கு முதலில் சொல்ல வேண்டும். சில நிறுவனங்கள் சிறு நிர்வாகக் கட்டணம் அறவிடும். சொல்லாமல் விட்டால், பொலிஸாரின் தானியங்கிக் கமராவுக்கு உங்கள் கார் காப்புறுதி இல்லாத காராகத் தெரியும், நடுவீதியில் மறிப்பார்கள். லண்டனின் நெரிசல் கட்டணம், மாசு வலயக் கட்டணம், டார்ட்ஃபோர்ட் கடவைக் கட்டணம் ஆகியவற்றுக்குத் தானாகப் பணம் கழியும் கணக்கு வைத்திருப்பவர்கள் அதே நாளில் அங்கும் புதிய இலக்கத்தைச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் கணக்கில் பணம் இருக்கவே வீட்டுக்குத் தண்டக் கடிதம் வரும். உள்ளூராட்சி சபையின் வாகனத் தரிப்பு அனுமதி, வேலையிடத்து வாசல் கமரா, தொலைபேசியிலுள்ள தரிப்புச் செயலி என்று இந்தப் பட்டியல் வீட்டுக்கு வீடு வேறுபடும். வாகன வரி மட்டும் தானாகவே தொடரும்.

இனி உங்கள் முடிவுக்கு வருகிறேன். உங்கள் கணவர் அதை ஒவ்வொரு காலையும் பார்த்து மகிழ்வார் என்று உங்களுக்குத் தெரிந்தால், 250 முதல் 500 பவுணுக்குள் டி.வி.எல்.ஏ.யிடமே கிடைக்கும் ஒன்றை வாங்குங்கள். அந்தப் பணம் திரும்பி வராது என்று வாங்கும் அன்றே செலவுக் கணக்கில் எழுதிவிடுங்கள். பெயர் அச்சொட்டாக அமைய வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், பெயரின் சுருக்கத்தையோ தலையெழுத்துகளையோ தேடினால் இந்த விலைக்குள் தெரிவு நிறையவே இருக்கும். குறிப்பிட்ட அந்த 1,800 பவுண் இலக்கம்தான் வேண்டும், அது டி.வி.எல்.ஏ.யிடம் இல்லை என்றால், முகவரிடம் வரிகளும் கட்டணமும் அனைத்தும் சேர்ந்த ஒரே தொகையைக் கேட்டு, அதிலிருந்து கணிசமாகக் குறைத்துப் பேசுங்கள். தமிழ்ப் பெயர் ஒன்றை நீண்ட காலம் விற்காமல் வைத்திருக்கும் முகவர் இறங்கி வருவதற்கு இடமுண்டு, ஏனெனில் அவருக்கும் வாங்குபவர் வரிசையில் நிற்கவில்லை. அவர் இறங்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

வாங்கும்போது சான்றிதழில் வாங்குபவராக உங்கள் பெயரைப் போட்டு, இலக்கத்தைப் பயன்படுத்துபவராக உங்கள் கணவரின் பெயரைச் சேர்க்கும் வசதி உண்டு. அப்படிச் செய்தால் பிறந்தநாள் வரை இரகசியமும் காக்கப்படும், உரிமையும் உங்களிடம் இருக்கும். ஆனால் அவருக்குத் தெரியாமல் காரில் ஏற்றிவிட முயல வேண்டாம். பதிவுப் புத்தகமும் காப்புறுதியும் நிதி ஒப்பந்தமும் அவருடைய பெயரில் இருப்பதால் அவருடைய கையால்தான் அதைச் செய்ய வேண்டும். தகட்டையும் அவர் ஏற்றி முடித்த பிறகு, பதிவு பெற்ற தகடு செய்பவர் ஒருவரிடம் ஆவணங்களைக் காட்டிச் செய்வித்துக்கொள்ளுங்கள். பிறந்தநாளன்று கையில் கொடுப்பதற்கு அந்தச் சான்றிதழே போதும்.